நல்ல பதில் கண்ணில் பட்டதா? மறுபடி தேடினால் கிடைக்கிற மாதிரி எடுத்து வையுங்கள்

சிங்கப்பூரின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த எங்கே இடம் கிடைக்கும், மலேசியாவின் ஜோகூரிலிருந்து இரவு எந்தப் பேருந்தில் திரும்பினால் சுலபம், தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பவருக்குத் துணைக்குப் போகிறவர் எங்கே காத்திருக்கலாம் போன்ற கேள்விகளுக்கு இணைய உரையாடல்களில் வரும் பதிலைப்போல நுணுக்கமான பதில் வேறெங்கும் கிடைப்பதில்லை. ஆனால் உருப்படியான பதில் பெரும்பாலும் நாற்பதாவது, ஐம்பதாவது இடத்தில் ஒளிந்திருக்கும். மேலே இருக்கும் தலைப்போ “ஒரு சந்தேகம்” என்றிருக்கும். பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம் தட்டிவிட்டுப் போனால், ஆறு மாதம் கழித்து “ஒரு சந்தேகம்” என்ற பெயரில் பத்து புக்மார்க்குகள்தான் மிஞ்சும். எதில் என்ன இருந்தது என்று தெரியாது.

பதிலுக்கே இணைப்பு எடுங்கள்

முதல் வேலை, பக்கத்தின் இணைப்பை விட்டுவிட்டுக் குறிப்பிட்ட பதிலின் இணைப்பைப் பிடிப்பது. பழைய பாணி மன்றங்களில் ஒவ்வொரு பதிவின் மூலையிலும் ஒரு வரிசை எண் இருக்கும். அதைத் தட்டினால் அந்தப் பதிவுக்கு மட்டும் உரிய முகவரி கிடைக்கும். ரெடிட்டில் பதிலின் கீழேயே பகிரும் பொத்தான் இருக்கிறது. பதிவின் மேலே உள்ளதைத் தட்டாமல் அதைத் தட்டுங்கள். டெலிகிராமின் பொதுச் சேனல்களில் செய்தியை அழுத்திப் பிடித்தால் இணைப்பை நகலெடுக்கலாம்.

இந்த வசதி எதுவும் இல்லாத பக்கங்களுக்கு குரோமில் ஒரு வழி உண்டு. தேவையான வரியை இழுத்துத் தேர்ந்தெடுத்து, வலது பொத்தானை அழுத்தினால், அந்த வரிக்கே இணைப்பு நகலெடுக்கும் தேர்வு வரும். அந்த இணைப்பைத் திறந்தால் பக்கம் நேராக அந்த வரிக்குப் போய் வண்ணம் பூசிக் காட்டும். எழுதியவர் பிறகு சொற்களைத் திருத்தினால் தாவல் வேலை செய்யாது, பக்கம் மட்டும் திறக்கும். அதனால் ஐந்தாறு சொற்கள் மட்டும் தேர்ந்தெடுங்கள். நீளமாகத் தேர்ந்தெடுத்தால் ஏதாவது ஒரு சொல் மாறித் தாவல் நின்றுபோகும் வாய்ப்பு அதிகம்.

கைப்பேசியில் பலருக்கு நடக்கும் குழப்பம் ஒன்று. ஃபேஸ்புக், டெலிகிராம் போன்ற செயலிகளுக்குள் இணைப்பைத் தட்டினால், பக்கம் அந்தச் செயலியின் உள் உலாவியிலேயே திறந்துகொள்ளும். அங்கே எதைச் சேமித்தாலும் உங்கள் குரோமிலோ சஃபாரியிலோ இருக்காது. மூன்று புள்ளிகளைத் தட்டி, வெளி உலாவியில் திறந்த பிறகு புக்மார்க் போடுங்கள்.

இணைப்பின் கடைசியில் கேள்விக்குறிக்குப் பிறகு நீளமாக ஒரு வால் தொங்கினால், அது பெரும்பாலும் நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று கண்காணிக்கும் குறியீடு. வெட்டிவிடலாம். ஆனால் சில தளங்களில் பக்க எண்ணே அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கும். வெட்டியபின் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.

பெயர் வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது

புக்மார்க் போடும்போது தளம் தானாக நிரப்பும் தலைப்பை அழித்துவிட்டு நீங்களே எழுதுங்கள். அதில் நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: இடம், விஷயம், யாருக்குப் பொருந்தும், எப்போது எழுதப்பட்டது. எடுத்துக்காட்டாக:

“ஜோகூர், ஞாயிறு இரவு திரும்ப, பேருந்து 950, இந்தியக் கடப்பிதழ், 2025 மார்ச்.”

இதில் ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் உண்டு. சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலத்தைக் கடக்கும் பேருந்துகளில் 950 உட்லண்ட்ஸுக்கும், 160 ஜூரோங் டவுன் ஹால் பக்கமும், 170 குவீன் ஸ்திரீட்டுக்கும் போகின்றன. “அந்த பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் வந்துடலாம்” என்று ஒருவர் எழுதியிருந்தால், எந்த எண் என்பதை உரையாடலின் மேல்பகுதியில் தேடி எடுத்து நீங்கள் சேர்த்தால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பு.

யாருக்குப் பொருந்தும் என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எல்லை தாண்டும் விஷயத்தில் இது பெரிய தவறு. மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை 2024 ஜனவரி முதல் கட்டாயம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை. இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை அனுமதியில் இருப்பவர் போகும்போது அதை நிரப்ப வேண்டும். “ஒண்ணும் வேண்டாம், நேரா போங்க” என்று ஒரு குடிமகன் எழுதிய பதில் அவருக்குச் சரிதான். அதை நம்பி நண்பர் போனால் சாவடியில் நின்று அட்டையை நிரப்பிக்கொண்டிருப்பார். பதில் எழுதியவர் தம் நிலையைச் சொல்லாவிட்டால், தலைப்பில் “யாருக்கு என்று தெரியாது” என்றே குறித்து வையுங்கள்.

தேதி விஷயத்தில் தளங்களே நம்மை ஏமாற்றும். பல தளங்கள் “2 மாதத்துக்கு முன்பு” என்று மட்டுமே காட்டுகின்றன. திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்தாலும் பிடிஎஃப் ஆக்கினாலும் அந்தச் சொற்கள் அப்படியே உறைந்துவிடும். எந்த நாளிலிருந்து இரண்டு மாதம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கணினியில் அந்த நேரக் குறிப்பின்மேல் சுட்டியை வைத்தால் பெரும்பாலான தளங்களில் உண்மையான தேதி தெரியும். அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எழுத்துக்கூட்டு. சிராங்கூனா செராங்கூனா, ஜோகூரா ஜொகூரா என்று உங்களுக்குள் ஒன்றை முடிவு செய்து அதையே கடைசிவரை பயன்படுத்துங்கள். உலாவியின் தேடல் ஒரு குறில் மாறினாலும் கண்டுபிடிக்காது. தோசையை ஆங்கில எழுத்தில் இந்த ஊரில் ஒரு மாதிரியும் மற்றவர்கள் வேறு மூன்று மாதிரியும் எழுதுகிறார்கள். உணவைப் பற்றிய குறிப்பென்றால், பெயரைத் தமிழில் ஒருமுறை, அந்த உரையாடலில் இருந்த ஆங்கில எழுத்தில் ஒருமுறை என இரண்டையும் தலைப்பில் போடுங்கள்.

இடப்பெயர்களும் மாறியிருக்கும். இப்போதைய தேக்கா நிலையம் 1982இல் திறக்கப்பட்டபோது அதன் பெயர் சூஜியாவ் நிலையம். 2000இல்தான் தேக்கா என்ற பெயர் திரும்ப வந்தது. வயதானவர்கள் அதற்கும் முந்தைய பழைய சந்தையைக் கண்டாங் கெர்பாவ், சுருக்கமாக கேகே சந்தை என்றே எழுதுவார்கள். கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைக் கொட்டில். அந்த வட்டாரத்தில் முன்பு நடந்த மாட்டு வணிகத்தின் மிச்சம் அந்தப் பெயர். இவற்றையெல்லாம் “தேக்கா” என்ற ஒரே சொல்லில் தேடி எடுக்க வேண்டுமானால், சேமிக்கும்போதே அந்தச் சொல்லைச் சேர்த்துவிட வேண்டும்.

எது எவ்வளவு நாள் தாங்கும்

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக் கூடாது. பயணக் குறிப்புகளின் ஆயுள் மிகக் குறைவு. உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் காரில் போவோர் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டும் முறை 2024 மார்ச் 19இல் தொடங்கியது. அதற்கு முன் எழுதப்பட்ட கார்ப் பயண ஆலோசனைகளில் பல இப்போது செல்லாது. உட்லண்ட்ஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையிலான விரைவு ரயில் 2026 இறுதிக்குள் ஓடத் தொடங்கும் என்பது திட்டம். ஓடத் தொடங்கிய அன்று கடற்பாலக் குறிப்புகள் அத்தனையையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். உணவங்காடிக் கடைகளைப் பற்றிய பரிந்துரைகள் ஓராண்டு தாங்கினால் நல்லது. கடைக்காரர் ஓய்வு பெறுவார், நிலையம் புதுப்பிப்புக்காக மூடப்படும். கடையின் பெயரோடு கடை எண்ணையும் எழுதிக்கொண்டால் பெயர்ப்பலகை மாறினாலும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

விழா பற்றியவை நடுத்தரம். தைப்பூச ஊர்வலம் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலில் முடிவது மாறுவதில்லை. முன்பதிவு, சாலை மூடல், இசைக்கான இடங்கள் எல்லாம் ஆண்டுதோறும் மாறும். அதனால் தலைப்பில் ஆண்டைப் போட்டே ஆக வேண்டும்.

பழைய நினைவுகள் வேறு வகை. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. அங்கே எந்த மூலையில் யார் எதை விற்றார்கள் என்று எழுதியவர் அடுத்த ஆண்டு கணக்கை அழித்துவிட்டால் அந்த விவரம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. பேருந்துக் குறிப்புக்கு இணைப்பு போதும். இத்தகைய பதிலுக்கு இணைப்பு மட்டும் வைத்துக்கொண்டால் போதாது, கட்டாயம் நகல் வேண்டும்.

எங்கே வைப்பது

உலாவிப் புக்மார்க்கே அடித்தளமாக இருக்கட்டும். சேமிப்பதற்கென்றே வந்த செயலிகள் வரும், போகும். பலர் ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்த பாக்கெட் 2025 ஜூலை 8இல் மூடப்பட்டது. உலாவிப் பட்டியலை ஒரே ஹெச்டிஎம்எல் கோப்பாக வெளியே எடுக்கலாம். குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி மூன்றுமே அதைப் படிக்கும். குறிச்சொல் போட விரும்புகிறவர்கள் பயர்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் அதில் ஒரே புக்மார்க்குக்குப் பல குறிச்சொற்கள் தரலாம்.

கோப்புறைகள் ஐந்து ஆறுக்கு மேல் வேண்டாம். “எல்லை தாண்ட”, “சாப்பிட”, “வீடும் கட்டணமும்”, “விழா”, “பழைய சிங்கப்பூர்”, இன்னும் வகைப்படுத்தாததற்கு “இந்த வாரம்”. இதற்கு மேல் பிரித்தால் எதில் போட்டோம் என்பதே ஒரு தேடலாகிவிடும். கைப்பேசிக் குரோமில் நட்சத்திரம் தட்டியவுடன் கீழே ஒரு சிறு பட்டை தோன்றும். அது மறைவதற்குள் அதைத் தட்டி, கோப்புறையையும் தலைப்பையும் திருத்த வேண்டும். தவறவிட்டால், கணினியில் கைப்பேசிக்கென்று தனியாக இருக்கும் கோப்புறையில் பாருங்கள். காணாமல்போனதாக நினைப்பவை பெரும்பாலும் அங்கேதான் குவிந்து கிடக்கும்.

ஒத்திசைவு இருக்கிறது, பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கருவியில் கோப்புறையைத் தவறி அழித்தால் எல்லாக் கருவிகளிலும் அழிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஹெச்டிஎம்எல் கோப்பை எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.

ரெடிட்டின் சேமிப்புப் பட்டியல் கடைசி 1,000 வரைதான் காட்டும். அதற்கு முந்தையவற்றை எட்ட முடியாது. ஃபேஸ்புக் குழுவில் சேமித்தது, பதிவை எழுதியவர் நீக்கினாலோ உங்களைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டாலோ போய்விடும். இரண்டையும் தற்காலிக மேசையாக மட்டும் பயன்படுத்தி, வார இறுதியில் முக்கியமானதை உலாவிக்கு மாற்றுங்கள்.

குடும்ப, வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் வரும் தகவல்தான் அதிகம் தொலைகிறது. மறையும் செய்திகள் இயக்கப்பட்டிருந்தால் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று ஏதோ ஒரு கெடுவில் செய்தி போய்விடும். நட்சத்திரமிட்டால் தப்பிக்கும் என்று நம்ப வேண்டாம். செய்தியை அழுத்திப் பிடித்து, உரையாடலில் தக்கவைக்கும் தேர்வைக் கொடுக்க வேண்டும். அனுப்பியவர் மறுத்தால் அதுவும் நிற்காது. முக்கியமான விவரத்தை உங்களுக்கு நீங்களே அனுப்பும் உரையாடலில் உங்கள் சொற்களில் எழுதிவிடுவது எல்லாவற்றையும்விடப் பத்திரம். அடுத்தவர் பெயரும் கைப்பேசி எண்ணும் அதோடு வரக் கூடாது; விவரம் மட்டும் போதும்.

நகல் எடுக்கும்போது

பொதுவில் திறந்திருக்கும் பக்கமென்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முகவரியை ஒட்டிச் சேமிக்கச் சொல்லலாம். உள்நுழைந்தால்தான் தெரியும் பக்கங்களை அது எடுக்காது. சிங்கப்பூர்த் தளங்களை தேசிய நூலக வாரியம் 2006 முதல் இணையக் காப்பகத்தில் சேர்த்து வருகிறது. மறைந்துபோன உள்ளூர்ப் பக்கம் ஒன்றைத் தேடுகிறவர்கள் அங்கேயும் பார்க்கலாம்.

சொந்த நகலுக்கு, அச்சிடும் கட்டளை கொடுத்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். அதற்கு முன் “மேலும் பதில்கள்” என்று மடங்கியிருக்கும் எல்லாவற்றையும் விரித்துவிட வேண்டும். விரிக்காதது நகலில் வராது. ஐபோனில் சஃபாரிப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்தால், முழுப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் தேர்வு மேலே வரும்.

தமிழுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. பிடிஎஃபிலிருந்து தமிழ் வரியை நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம்மாறி “கொ” “கெ ா” ஆகிவிடுவதுண்டு. அப்போது தேடினாலும் அகப்படாது. ஆகவே முக்கியமான பத்தியைப் பக்கத்திலிருந்தே நேரடியாக நகலெடுத்து, ஒரு குறிப்புச் செயலியில் சாதாரண எழுத்தாக ஒட்டி, அதன் கீழே இணைப்பையும் தேதியையும் எழுதுங்கள். வெறும் திரைப்பிடிப்புகளை நம்பி இருக்காதீர்கள். படத்துக்குள் இருக்கும் தமிழை எல்லாக் கைப்பேசியும் தேடித் தருவதில்லை.

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பு “எல்லை தாண்ட” கோப்புறையை ஒருமுறை திறந்து பாருங்கள். குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் தளத்தோடு ஒப்பிட்டு, சரியாக இருப்பவற்றின் தலைப்பில் அன்றைய மாதத்தைச் சேர்த்துவிட்டு, பொருந்தாதவற்றை அழியுங்கள். ஊரிலிருந்து வரும் மாமா “எப்படிப்பா மலேசியா போறது?” என்று கேட்டால், இருபது இணைப்புகளை அனுப்பாமல், அவருடைய கடப்பிதழுக்குப் பொருந்துகிற ஒன்றை மட்டும் அனுப்புங்கள். பேருந்து எண்ணையும் ஏறும் இடத்தையும் கூடவே தமிழில் இரண்டு வரியாக எழுதிவிடுங்கள்.