கைப்பிடியை மாற்றினாலே போதும்

சமையலறைக்குப் பழங்காலத்துக் களை வேண்டுமென்றால், முதலில் கைவைக்க வேண்டியது அலமாரிக் கதவுகளின் கைப்பிடிகளில்தான். ஒரு ஸ்க்ரூடிரைவரும் அரை நாளும் போதும்.

பழைய பொருள்கள் விற்கும் இடத்தில் பித்தளைக் கைப்பிடி தேடும்போது சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் இருக்கட்டும். அது ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது இரும்பு, மேலே வெறும் முலாம். ஒட்டாததெல்லாம் பித்தளை என்றும் நம்பிவிட வேண்டாம். பின்பக்கம் லேசாகச் சுரண்டினால் உள்ளேயும் மஞ்சளாகத் தெரிய வேண்டும். இரண்டு திருகாணி உள்ள கைப்பிடி என்றால், ஒரு துளையின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளந்துகொண்டு போங்கள். பெரும்பாலும் 96 அல்லது 128 மில்லிமீட்டர் இருக்கும். கண்ணளவை நம்பிப் போன நான் கதவில் புதுத் துளை போட்டு, பழைய துளையை மக்கு வைத்து அடைத்தேன்.

வாங்கியதைப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள், அந்த மங்கல்தான் அழகே.

வெள்ளை பல்பைக் கழற்றி இளமஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் பல்பை மாட்டினால் அறையின் முகமே மாறும். பழைய பீங்கான் தட்டுகளைச் சுவரில் மாட்டலாம். மேற்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றில் சாப்பிட வேண்டாம்.