கறுத்த சுருட்டைச் சுவை பார்க்கிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

மார்கழியில் யாழ்ப்பாணத்துக்குக் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சொந்தக்காரர் வந்திறங்கும்போது சொக்லேட்டோடும் சென்ட்டோடும் இப்போது ஒரு கட்டுச் சுருட்டும் வருகிறது. விலை கூடிய கியூபாச் சரக்கு இல்லை. நிக்கரகுவாவிலோ ஹொண்டுராஸிலோ சுற்றி, கறுத்த மேல் இலை போட்டு, இருபது இருபத்தைந்தைச் சேர்த்துக் கண்ணாடித் தாளில் கட்டிய மலிவுச் சுருட்டு. ‘மதுரோ’ என்று பட்டியில் போட்டிருக்கும், கறுத்த மேல் இலைக்கு அதுதான் பெயர். இந்த வகையில் உண்மையிலேயே நல்ல சுருட்டுகள் உண்டு. ஆனால் புதிதாகப் பிடிக்கிறவர்கள் அதை மதிப்பிடுகிற விதத்தைப் பார்க்கும்போது மனம் பொறுக்காது. ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே பிழைகள், அதே வரிசையில்.

எந்தப் பக்கம் பற்றவைப்பது, புகையை நெஞ்சுக்குள் இழுக்கக்கூடாது என்பதெல்லாம் ஒரே நாளில் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கறுப்பு என்றால் காரம் என்று எண்ணுவது

மேல் இலை கறுப்பாக இருப்பதற்கும் சுருட்டு தலையைச் சுற்ற வைப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. கறுத்த மேல் இலைக்குத் தடித்த இலையைத்தான் எடுப்பார்கள். அதை அம்பாரமாக அடுக்கி வைக்கும்போது உள்ளே தானாகவே சூடு ஏறிப் புளிக்கும். சூடு கூடும்போது அடுக்கைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே வைத்துத் திரும்ப அடுக்குவார்கள். மற்ற இலைகளைவிட இதற்குச் சூடும் கூட, காலமும் கூட. அந்தக் காலத்தில் அமோனியா வெளியேறிக் கடுப்புத் தணிகிறது, நிறம் இருளுகிறது, இலையின் இனிப்பு மேலே வருகிறது. அதனால் கறுத்த சுருட்டு பல நேரம் மென்மையாகத்தான் இருக்கும். காரம் வருவது உள்ளே வைத்த இலையில் இருந்து. செடியின் உச்சியில் விளைந்த ‘லிஹேரோ’ இலை உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு.

மலிவுச் சரக்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பொறுமையாகப் புளிக்க வைக்காமல் ஆவியில் அவித்தோ சாயம் ஏற்றியோ கறுப்பாக்கிய இலையும் சந்தையில் வருகிறது. நல்ல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இயல்பாகக் கறுத்த இலையில் நிறம் ஒரே சீராக இராது. ஓரிடம் கோப்பி நிறம், ஓரிடம் கருங்காலி நிறம், நரம்பு வேறொரு நிறம். நரம்பும் பள்ளமும் மேடும் ஒரே கறுப்பாகப் பூசினதுபோல் இருந்தால் சந்தேகப்படலாம். ஈரத்துணியால் தொட்டால் இளம் பழுப்பு ஒட்டுவது நல்ல இலையிலும் நடக்கும். மைபோலக் கறுப்பு ஒட்டினால் அது வேறு கதை. கனெக்டிகட் பிராட்லீஃப், மெக்சிகோவின் சான் ஆந்திரெஸ், பிரேசிலின் மாத்தா ஃபினா என்று மேல் இலையின் ஊரையும் இனத்தையும் பெட்டியிலேயே சொல்கிற சுருட்டைத் தேடி வாங்குவது நல்லது.

எங்கள் ஊர்ச் சுருட்டை அளவுகோலாக வைப்பது

யாழ்ப்பாணச் சுருட்டின் மேல் எனக்குள்ள மதிப்பு குறைந்ததே இல்லை. ஒருவர் பேப்பரை உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே சுருட்டுச் சுற்றிய கொட்டில்கள் இருந்த ஊர் இது. எங்கள் புகையிலை திருவிதாங்கூர் வரை போய் விலைப்பட்டது. தெற்கில் சிங்கள ஊர்களில் எங்கள் ஆட்கள் சுருட்டுக் கடை வைத்துப் பிழைத்தார்கள். ஆனால் எங்கள் இலை குடிலில் போட்டுப் தேங்காய்ப் பொச்சுப் புகையில் உணத்தியது, கோடா என்ற கரைசல் போட்டுப் பதப்படுத்தியது. அந்தப் புகை மணத்துக்கும் காரத்துக்கும் பழகிய நாக்கு, கொட்டகையில் காற்றில் தொங்கவிட்டு உணத்திய பிராட்லீஃபைப் பிடித்தவுடன் “சப்பென்று கிடக்கு” என்று சொல்லும். அது சுருட்டின் குற்றம் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பிடிக்காதீர்கள். முதலில் பிடித்தது மற்றதை விழுங்கிவிடும்.

தலையைப் பல்லால் கடித்துத் திறப்பது

வேண்டாம். வாயில் வைக்கும் மூடிய முனைதான் தலை. கூரான பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள், தலையின் வளைவு முடிவதற்கு முன்பே.

ஈரமான சுருட்டை வெயிலில் காயப்போடுவது

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். வேறெந்தப் பிழையும் ஒரு சுருட்டோடு போகும். இது முழுக் கட்டையும் கொண்டுபோகும்.

என் மனைவியின் தம்பிக்கு ரொறொன்ரோவில் இருந்து ஒரு கட்டு வந்தது. நல்ல சரக்கு, மெக்சிகோ மேல் இலை. வந்தது சரியான மாரி. மழை விட்டு விட்டுப் பெய்து, தலையணை உறை கூடக் காயாமல் கிடந்த கிழமைகள். கட்டைப் பிரித்து முன் அறை மேசையில் திறந்தபடி வைத்துவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுத்தார். பற்றவைத்தால் அணைகிறது. இழுத்தால் வராது, வந்தால் கசப்பு. உள் இலை எரிந்து சுரங்கம்போல் உள்ளே போக, மேல் இலை எரியாமல் வெளியே நிற்கிறது. “சரியான கசப்பு அத்தான், உவங்கள் ஏமாத்திப் போட்டாங்கள்” என்றார். நான் ஒன்றை வாங்கி அடிப்பக்கத்தை விரல்களால் லேசாக அமுக்கினேன். பஞ்சுபோல் அமுங்கியது, திரும்பி எழவில்லை. நுனியில் உள் இலை விரிந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஈரம் குடித்த சுருட்டு, வேறொன்றும் இல்லை. ஒரு மாதம் மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தை பிறந்து வெயில் எறித்ததும் அவர் அத்தனையையும் சுளகில் பரப்பி, மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் மொட்டை மாடியில் வைத்துவிட்டார். மிளகாய், ஒடியல், வடகம் எல்லாவற்றையும் வெயிலில் போட்டே பழகிய கை நம்முடையது. அந்தப் பழக்கம்தான் இங்கே கெடுக்கிறது. பின்னேரம் போய்ப் பார்த்தேன். ஒரு சுருட்டைக் கையில் எடுத்தபோது அடி நுனியில் மயிர்போல் ஒரு கீறல் தெரிந்தது. நரம்பு ஓடிய வழியே அது மேலே ஏறி, பாதித் தூரத்தில் வாய் பிளந்து, உள்ளே கட்டிய இலை வெளியே தெரிந்தது. லேசாக உருட்டினேன், மிச்சமும் ‘சட்’ என்று விட்டது. கட்டில் பாதிக்கு மேல் அப்படித்தான். அவர் அப்போதும் கொம்பனியைத்தான் திட்டினார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு குறையும் இல்லாத சுருட்டு அது.

நடப்பது இதுதான். கறுத்த மேல் இலை தடிப்பானது, எண்ணெய்ப் பிடிப்பானது. ஈரத்தைக் குடிக்கவும் நேரம் எடுக்கும், விடவும் நேரம் எடுக்கும். ஆனால் நேர் வெயிலில் வைத்தால் வெளித்தோல் மட்டும் முந்திக் காய்ந்து சுருங்குகிறது. உள்ளே இறுக்கிச் சுற்றிய இலை இன்னும் ஊதியபடியே இருக்கிறது. சுருங்குகிற தோல் ஊதிய உடலைத் தாங்க முடியாமல் கிழிகிறது. கிழியாமல் தப்பியதும் பிழைத்ததாகாது. வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருப்பதால் அது கோணலாக எரியும், மணமும் எண்ணெயும் வெயிலோடு போயிருக்கும். பிறகு ஈரம் காட்டி மீட்கலாம் என்று நினைக்காதீர்கள். இலை நெகிழும், போன மணம் வராது. மின்விசிறிக்குக் கீழே வைப்பது, அடுப்படிப் பரணில் வைப்பது, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பது எல்லாம் இதே கூட்டம்தான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள், சாப்பாடு வைக்காத புது டப்பா. 65 சதவீதம் என்று போட்ட ஈரப்பதப் பொதி ஒன்றை உள்ளே போடுங்கள். ஈரம் கூடினால் அது உறிஞ்சும், குறைந்தால் விடும். கட்டோடு வாங்கி வரும் சொந்தக்காரரிடம் இதையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள், பாரமே இல்லாத சாமான். ஒரு சின்ன ஈரமானியும் வையுங்கள். மலிவு ஈரமானி பொய் சொல்லும், அதனால் முதலில் சோதியுங்கள். சோடா மூடி ஒன்றில் உப்பைப் போட்டு, கரையாமல் களியாகக் கிடக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஒரு பையில் இறுக்கிக் கட்டி ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால், எப்போதும் நான்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு சுருட்டுக்கு அடையாளம் வைத்து, கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை நிறுங்கள். நிறை குறைந்துகொண்டு வரும்வரை பொறுங்கள். குறைவது நின்றால் கட்டு தயார். மாரியில் வந்த சரக்குக்கு மூன்று நான்கு கிழமை எடுப்பது சாதாரணம். அவசரமாக ஒன்று பிடிக்கத்தான் வேண்டுமென்றால், அந்த ஒன்றை மட்டும் வெறும் மட்டைப்பெட்டியில் போட்டு ஏசி ஓடும் அறையில் ஓரிரு நாள் வையுங்கள். காற்று நேரே படக்கூடாது.

டப்பாவை நப்தலீன் உருண்டை போட்ட அலுமாரிக்குள் வைக்காதீர்கள். கறுத்த இலை மணத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வறண்ட காற்று வீசும் நாட்களில் பிரச்சினை தலைகீழ். வெளியே வைத்த சுருட்டு காய்ந்து, அமுக்கினால் சருகுச் சத்தம் கேட்கும். அப்போதும் இதே டப்பாதான்.

முதல் அங்குலத்தில் தீர்ப்புச் சொல்வது

மலிவான கறுத்த சுருட்டின் முதல் அங்குலம் கிட்டத்தட்ட எப்போதும் இனிமையாகத்தான் இருக்கும். அங்கே பேசுவது மேல் இலை. உள்ளே நீள இலைதானா, நீள இலைக்குள் துண்டு இலையைச் சுற்றியதா என்பது பாதிக்குப் பிறகு தெரியும். துண்டு இலை வேகமாக எரியும், சூடாகும், நாக்கில் துகள் வரும். பாதி தாண்டியும் இனிப்பும் மணமும் நின்றால் அந்த விலைக்கு அது நல்ல சுருட்டு. இன்னொன்று, பற்றவைக்கும் முன்பே தலையை நாக்கில் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். சீனிப் பாகு தடவியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அந்த இனிப்பை இலையின் கணக்கில் எழுதக்கூடாது.

ஒரு சுருட்டை வைத்துக் கட்டை மதிப்பிடாதீர்கள். கையால் சுற்றுவது ஒன்றுபோல் ஒன்று இராது, மலிவில் வித்தியாசம் இன்னும் கூட. ஒரே கட்டில் மூன்றை, வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில் இருந்து எடுத்துப் பிடியுங்கள். இடையில் நாட்கள் விடுங்கள். நாக்குக்கும் அது தேவை, உடலுக்கும் தேவை. நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் சுருட்டு வாய்ப்புற்றைத் தரும். மதிப்பிடுகிறேன் என்ற சாட்டில் தினமும் பிடிக்கிற வழக்கத்துக்குப் போக வேண்டாம். 21 வயது ஆகாதவர்களைக் கடைக்கு அனுப்பவும் வேண்டாம். அவர்களுக்குப் புகையிலை விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கூழ் குடித்த வாயோடு, வெற்றிலை போட்ட வாயோடு

இரண்டு மணித்தியாலம் கழியட்டும். குடிக்க வெறும் தண்ணீர்.

விடாமல் இழுப்பது

நிமிடத்துக்கு ஒரு இழுவை போதும். ஐந்து அங்குல நீளமும் 50 அளவுத் தடிப்பும் (அங்குலத்தில் 64இல் 50 பங்கு) உள்ள ‘ரொபஸ்டோ’ அளவுச் சுருட்டு முக்கால் மணித்தியாலத்துக்குக் குறையாமல் எரிய வேண்டும். அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டு “கடைசியில் கசக்குது” என்று சொல்கிறவர் சுவைத்தது சூட்டை. சுருட்டின் உடல் விரலுக்குச் சுட்டால் கீழே வைத்துவிட்டுப் பொறுங்கள். அணைந்தால் பரவாயில்லை, சாம்பலைத் தட்டி, உள்ளே நிற்கும் பழைய புகையை ஒருமுறை வெளியே ஊதிவிட்டுத் திரும்பப் பற்றவைக்கலாம்.

வேறொருவர் சொன்ன சுவையைத் தேடுவது

பெட்டியில் ‘கறுத்த சொக்லேட், தோல், அத்திப்பழம்’ என்று எழுதியிருக்கும். அதைத் தேடித் தேடிப் பிடித்தால் உங்கள் நாக்குக்கு எட்டுவது தவறிப்போகும். நமக்குத் தெரிந்த பெயரிலேயே எழுதுங்கள். பனங்கட்டி, வறுத்த கோப்பி, எள்ளு, வறுத்த உளுந்து, மிளகு, மழைக்குப் பிந்திய செம்மண் மணம். நல்ல கறுத்த சுருட்டில் முதலில் பனங்கட்டியும் பிறகு கோப்பியும் வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வாயில் உள்ள புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியே விட்டால் மிளகும் எள்ளும் தெளிவாகப் பிரியும்.

மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைப்பது

காய்ந்தும் போகும், கருவாட்டு மணமும் ஏறும்.

ஆனால் உறைபெட்டிக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் ஊர் வெக்கைக்குப் புகையிலை வண்டின் முட்டை இலைக்குள்ளேயே பொரிக்கும். சுருட்டில் குண்டூசித் தலை அளவு வட்டத் துளையும் கீழே மெல்லிய தூளும் கண்டால் அதுதான். துளை விழுந்ததை எடுத்து எறிந்துவிடுங்கள். மிச்சத்தை, ஈரம் சரியான நிலைக்கு வந்த பிறகு, இரண்டு பைக்குள் இறுக்கிக் கட்டி உறைபெட்டியில் மூன்று நாள் வையுங்கள். எடுத்தவுடன் வெளியே வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகு பையைத் திறக்காமலே அறையில் ஒரு நாள். பைக்கு வெளியே வியர்த்த நீர் முழுதும் காய்ந்த பிறகுதான் கட்டை அவிழ்க்க வேண்டும்.