அகச்சிவப்புப் படத்தை மட்டும் நம்பி நிறமிக்குப் பெயர் வைக்காதீர்கள்

ஓவியத்தை அகச்சிவப்பில் படம் எடுத்ததும் பலரும் செய்கிற பெரிய தவறு, நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் 'இது இன்ன நிறமிதான்' என்று எழுதிவிடுவது. அகச்சிவப்புப் படத்தையும் சாதாரண வண்ணப் படத்தையும் சேர்த்து உருவாக்கும் பொய்நிறப் படத்தில் அகச்சிவப்புப் பதிவு சிவப்பாகவும், சிவப்பு பச்சையாகவும், பச்சை நீலமாகவும் இடம் மாறும், நீலப் பதிவு கழிந்துபோகும். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு நீலங்களை இது அருமையாகப் பிரித்துக் காட்டும்: லாபிஸ் லாசுலி கல்லில் எடுத்த அல்ட்ராமரைன் சிவந்துவிடும், செப்புத் தாதுவான அசுரைட் கருநீலமாகவே நிற்கும். சரி, ஆனால் அவுரி நீலமும் சிவக்கும், கோபால்ட் நீலமும் சிவக்கும். பிரஷ்யன் நீலமோ அசுரைட்டைப் போலவே இருண்டு கிடக்கும். ஆகவே சிவந்திருந்தால் அசுரைட்டாக இருக்க வாய்ப்பு குறைவு என்று சொல்லலாம், அதற்கு மேல் போகக் கூடாது. எக்ஸ் கதிரால் தனிமங்களைக் கண்டறியும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் செம்பு தெரிகிறதா, கோபால்ட் தெரிகிறதா என்று பாருங்கள். அல்ட்ராமரைனில் சோடியம், அலுமினியம், சிலிக்கன், கந்தகம் என்று லேசான தனிமங்களாகவே இருப்பதால் கையடக்கக் கருவிக்கு அது சரியாகச் சிக்காது, லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்துப் பொருளை அடையாளம் காணும் ராமன் சோதனைதான் கைகொடுக்கும்.

அடுத்தது விளக்கு. சாதாரண வெள்ளை எல்இடியில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை, ஹாலோஜன் வேண்டும். அது சுடும் என்பதால் ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்து எரியவிடாதீர்கள். எகிப்திய நீலம் என்ற பழங்காலச் செயற்கை நிறமியைத் தேடும்போது கதை தலைகீழ்: கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்டதும் அது தானே அகச்சிவப்பில், 910 நானோமீட்டர் வாக்கில் ஒளிரும், அங்கே எல்இடிதான் சரி. ஹாலோஜன் போட்டால் எல்லாமே பளிச்சென்று தெரியும், ஒளிர்வது எது, பிரதிபலிப்பது எது என்று சொல்லவே முடியாது. காட்மியம் நிறமிகளும் அகச்சிவப்பில் ஒளிரும் என்பதையும் மறக்காதீர்கள்.

கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்துவிட்டு, தெரிந்த நிறமிகளைப் பூசிய அட்டை ஒன்றை அதே விளக்கில், அதே ஃபில்டரில் எடுத்து வையுங்கள். ஒப்பிட அது இல்லாவிட்டால் 'கொஞ்சம் சிவப்பு' என்பதற்கு அர்த்தமே கிடையாது.

அப்புறம் இன்னொரு தவறு, வண்ணத்துக்கு அடியில் ஓவியர் முதலில் போடும் வரைகோடு படத்தில் தெரியவில்லை என்றால் அவர் கோடே போடவில்லை என்று முடிவு கட்டுவது. கரி அகச்சிவப்பை விழுங்குவதால் கறுப்பாகத் தெரியும், செஞ்சுண்ணக்கட்டிக் கோடு பெரும்பாலும் மறைந்துவிடும். இரும்பு உப்பு சேர்த்துச் செய்த பழைய எழுதுமையான இரும்பு மசியோ 800 நானோமீட்டரில் மங்கலாகத் தெரிந்து, 1000-ஐத் தாண்டத் தாண்டக் காணாமல் போகும். அதனால் ஒரே அலைநீளத்தோடு நிறுத்தாமல் இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். இரண்டாவதில் மறையும் கோடு கரியால் போட்டதாக இருக்காது.