முகப்பை விடுங்கள், கவிழ்த்துப் பாருங்கள்

பழைய ஃபிலிம் கேமரா கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் படிப்பது முகப்பில் உள்ள பெயரை. நான் அதைக் கடைசியில்தான் படிப்பேன். அது விற்றவர் பெயர். செய்தவர் வேறொருவராக இருக்கலாம். நிக்கான் எஃப்எம்10, ஒலிம்பஸ் ஓஎம்2000, கேனான் டி60 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். மூன்றையும் செய்து கொடுத்தது ஜப்பானின் கோசினா.

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு பூதக்கண்ணாடி, சின்ன டார்ச், மெல்லிய பிரஷ். ஒரு கேமரா எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்க இவ்வளவு போதும். ஸ்பிரிட்டும் துணியும் இப்போதைக்கு வேண்டாம். ஆரம்ப காலத்தில் ஒரு யாஷிகாவைப் பளபளக்க வைக்கிறேன் பேர்வழி என்று, அதில் ஒட்டியிருந்த பொன்னிற முட்டை வடிவ ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தவன் நான். 'பாஸ்டு' என்று போட்டிருக்கும் அந்த ஸ்டிக்கர், ஜப்பானிலிருந்து ஏற்றுமதிக்காகத் தரச் சோதனை முடித்து வந்த கேமரா என்பதற்கான சாட்சி. ஆனால் ஸ்டிக்கர் இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். என்னை மாதிரி ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சரி, கேமராவைக் கவிழ்த்து அடித்தட்டைப் பாருங்கள். நாட்டின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இல்லையென்றால் பின்மூடியின் தோலில் அழுத்தியிருப்பார்கள். பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில் காலமும் ஒளிந்திருக்கிறது. 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்றிருந்தால் அது 1947-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது, போரில் தோற்ற ஜப்பான் அமெரிக்கா தலைமையிலான நேசப் படைகளின் பிடியில் இருந்த காலம். 'ஜெர்மனி, யுஎஸ் ஸோன்' என்பது போருக்குப் பின் அமெரிக்கர் கையில் இருந்த பகுதி. கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் செய்த சில எக்ஸாக்டா கேமராக்களில் 'யுஎஸ்எஸ்ஆர் ஆக்குபைட்' என்று பொறித்திருக்கும். 'வெஸ்ட் ஜெர்மனி' என்றால் 1949-க்குப் பிந்தியது. வெறும் 'ஜெர்மனி' மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள், அதை வைத்துக் கிழக்கா மேற்கா என்று சொல்ல முடியாது.

ஒரே மாடல் ஒரே நாட்டில்தான் பிறந்தது என்றும் நினைக்க வேண்டாம். பென்டாக்ஸ் கே1000 ஜப்பானில் 1976-இல் தொடங்கி, 1978-இல் ஹாங்காங்குக்குப் போய், 1990-இல் சீனாவுக்குப் போனது. சீனத்தில் வந்தவற்றின் மேல்தட்டும் அடித்தட்டும் பிளாஸ்டிக்; நகத்தால் தட்டினாலே சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். ரோலை 35-ம் ஜெர்மனியில் பிறந்து சிங்கப்பூருக்குக் குடிபோனதுதான். சிங்கப்பூர் என்றாலே மட்டம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இரண்டையும் திறந்து பார்த்த எனக்கு அந்தச் சுளிப்பு புரியவில்லை.

அப்புறம் லென்ஸ். லென்ஸின் நாடும் கேமராவின் நாடும் வேறாக இருக்கலாம் என்பதை மறந்துதான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான கேமராக்களின் முகப்பில் 'லென்ஸ் மேட் இன் ஜப்பான்' என்று இருந்தால், முதல் சொல்லைக் கண் தாண்டிப் போய்விடும். கழற்றக்கூடிய கேனான் எஃப்டி லென்ஸாக இருந்தால் பின்பக்கம் டார்ச் அடியுங்கள், சிறிய குறியீடு தெரியும். 'யுஆர்09' என்று தொடங்கினால் யு என்பது ஜப்பானின் உட்சுனோமியா தொழிற்சாலை, ஆர் என்பது 1977, 09 என்பது செப்டம்பர். ஆண்டெழுத்து 1960-இல் ஏ-யில் தொடங்கி வரிசையாக வரும்.

அமெரிக்கக் கோடாக் லென்ஸ்களில் இதைவிட வேடிக்கையான முறை இருக்கிறது. சீரியல் எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'கேமரோசிட்டி' என்ற பத்தெழுத்துச் சொல்லில் அவற்றைத் தேடுங்கள்: சி 1, ஏ 2, எம் 3, ஈ 4, ஆர் 5, ஓ 6, எஸ் 7, ஐ 8, டி 9, ஒய் 0. 'ஈஓ' என்றால் 46, அதாவது 1946. கோடாக் ரெட்டினாவில் பெரும்பாலும் இது கிடைக்காது, அந்தக் கேமரா ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் செய்தது.

பெயர் மாற்றங்கள் சந்தையைச் சொல்லும், தொழிற்சாலையைச் சொல்லாது. 'ஹனிவெல் பென்டாக்ஸ்' அமெரிக்காவுக்குப் போனது, நிக்கானின் 'நிக்கோமேட்' ஜப்பானுக்குள் விற்றது. இரண்டும் ஜப்பானில் செய்தவைதான்.

சோவியத் கேமராக்கள் எனக்குப் பிடித்த பகுதி, காசு இழந்த பகுதியும் அதுதான். 'சிசிசிபி' என்று நம் கண்ணுக்குத் தெரிவது ரஷ்ய எழுத்தில் எஸ்எஸ்எஸ்ஆர், அதாவது சோவியத் யூனியன். ஃபிலிம் வேகம், அதாவது ஃபிலிமின் ஒளி உணர்திறன் எண், 32, 65, 130, 250 என்று போனால் அது அவர்களுடைய கோஸ்ட் தர அளவு. கீவ் கேமராக்களில் சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் ஆண்டு. ஆனால் ஃபெட், ஸோர்க்கி என்ற சோவியத் கேமராக்கள் ஜெர்மனியின் லைக்காவைப் பார்த்துச் செய்யப்பட்டவை என்பதால், அவற்றின் மேல்தட்டைச் சுரண்டி 'லைக்கா' என்று பொறித்து விற்கும் தொழில் ஒன்று இருக்கிறது. கழுகுச் சின்னமும் பொன் முலாமுமாக எனக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. எழுத்து, எண், சின்னம் எல்லாம் கச்சிதம். வீட்டுக்கு வந்து லென்ஸைக் கழற்றிய பிறகுதான் குட்டு உடைந்தது.

நீங்கள் வாங்குவதற்கு முன்பே அதைச் செய்யுங்கள். லென்ஸ் திருகும் வாயின் உள்ளே மேல்பக்கம், தூரத்தைக் கணித்துக் குவியம் வைக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டரோடு சேர்ந்து அசையும் ஒரு சிறு கை நீட்டிக்கொண்டிருக்கும். லைக்காவில் அதன் நுனியில் குட்டி உருளை இருக்கும். என்னுடையதில் உருளை இல்லை, நாக்கு மாதிரி ஒரு முனைதான் இருந்தது. ஸோர்க்கி. பொறிப்பவர்கள் வெளியே எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள், உள்ளே இருக்கும் அந்தக் கையை மாற்ற மெனக்கெடுவதில்லை.

வெளியே ஒன்றும் உள்ளே வேறொன்றும் சொன்னால், மேல்தட்டின் திருகுத் தலைகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், இன்னொரு கேமராவின் தட்டைப் போட்டிருக்கவும் கூடும். அந்த நிலையில் நான் உள்ளே இருப்பதைத்தான் நம்புவேன். பார்த்ததையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கேமரா வாரில் கட்டிவைப்பேன்: 'லென்ஸ்: உட்சுனோமியா, செப்டம்பர் 1977. உடல்:' என்று. உடலில் சாட்சி கிடைக்காவிட்டால், அந்த இடம் காலியாகவே இருக்கும்.