பம்பர் பெயிண்டும் 46 மீட்டரும்: டிஜிட்டல் இழையைக் கட்டுவது எப்படி

ஒரு தேவையிலிருந்து (கார் என்ன செய்ய வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து) வடிவமைப்பு, சோதனை, சாலைப் பதிவு வரை எல்லாத் தகவலையும் கணினியில் கோர்க்கும் இணைப்புச் சங்கிலிதான் டிஜிட்டல் இழை. தானியங்கிக் கார் திட்டத்தில் அதைக் கட்டப்போகிறோம் என்று யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது "எந்தத் தேவையிலிருந்து?" என்றுதான். பதிலாகக் கருவிகளின் பட்டியல் வரும். கருவியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதலில் ஒரே ஒரு தேவையை எடுத்து, அதைச் சட்டப் புத்தகத்திலிருந்து சாலை வரைக்கும் இழுத்துப் பாருங்கள். எங்கே அறுகிறதோ அங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

நான் எடுப்பது 46 மீட்டர். நெடுஞ்சாலையில் கார் தானே தடத்தைப் பிடித்து ஓடும் வசதிக்கு ஐ.நா. 2020-இல் ஒரு விதியை ஏற்றது, 157-ஆம் எண். மணிக்கு 60 கிலோமீட்டர் வரை ஓட, முன்பக்கம் குறைந்தது 46 மீட்டர் தெரிய வேண்டும் என்கிறது அது. (2022-இல் வந்த திருத்தம் வேகத்தை 130 வரை உயர்த்தியது, அங்கே கணக்கே வேறு.)

இந்த எண்ணை மாதிரியில், அதாவது காரின் தேவைகளையும் உறுப்புகளையும் விவரிக்கும் கணினி மாதிரியில், ஒரே இடத்தில் வையுங்கள். ரேடார், உணர்தல் மென்பொருள், பிரேக், டெஸ்ட் கேஸ் எல்லாம் அதைச் சுட்டட்டும். யாரும் நகலெடுத்துத் தன் எக்செல்லில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. ஒட்டத்தான் செய்வார்கள். வாரம் ஒருமுறை தேடிப் பிடிக்க வேண்டும்.

இனி எங்கள் இழை அறுந்த கதை. எல்லா இணைப்பும் பச்சையாக இருந்தது. தேவைக்கு ரேடார், ரேடாருக்கு சோதனை, சோதனைக்கு முடிவு. ஆனால் சோதனைத் தடத்தில் மோட்டார் சைக்கிளைக் கார் தாமதமாகத்தான் பார்த்தது. மென்பொருளை மூன்று நாள் குடைந்தோம். காரணம் பெயிண்ட். வடிவமைப்புக் குழு, அலுமினியத் துகள் கலந்த புதிய வெள்ளி நிறத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. ரேடார் உட்கார்ந்திருப்பது பம்பருக்குப் பின்னால். 77 கிகாஹெர்ட்ஸ் அலை பம்பரை இருமுறை கடக்கிறது, போகும்போதும் வரும்போதும். ஒரு வழிக்கு 1 டெசிபெல் இழப்பு கூடினால் மொத்தம் 2. எட்டும் தூரம் சக்தியின் நான்காம் மூலத்தில் போவதால், அது சுமார் 11 சதவீதம் சுருங்கும். அதாவது 50 மீட்டரில் தெரிந்தது 44.6-இல்தான் தெரியும். 46 போயே போச்சு.

வடிவமைப்புக் குழு மேல் தப்பில்லை. எங்கள் மாதிரியில் பம்பரே இல்லை. அது 'வெளித்தோற்றம்' துறையின் பொருள், வேறு மென்பொருளில் வேறு பாக எண்ணோடு கிடந்தது.

சரி, எப்படிக் கட்டுவது? பம்பரை மாதிரிக்குள் ஒரு உறுப்பாகக் கொண்டுவாருங்கள். முழு வடிவமும் வேண்டாம், ரேடாருக்கு முன்னால் இருக்கும் அந்தத் துண்டு போதும். அதற்கு 'ஒருவழி இழப்பு' என்று ஒரு பண்பு கொடுங்கள். மேலே சொன்ன சூத்திரத்தையும் கட்டுப்பாட்டுச் சமன்பாடாக எழுதி, 46-ஓடு ஒப்பிட விடுங்கள். இனி நிறம் மாறினால் எண் மாறும், எண் மாறினால் தேவை சிவப்பாகும். இணைப்புக் கோடு மட்டும் இருந்தால் இது நடக்காது. "தொடர்பு உண்டு" என்று சொல்வதோடு கோட்டின் வேலை முடிந்துவிடும். அப்புறம், அந்தப் பண்புக்கு ஒரு ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும். குழுவின் பெயரைப் போட்டால் யாரும் பார்ப்பதில்லை.

இணைப்பு எப்போதும் ஒரு பதிப்பைச் சுட்ட வேண்டும். 'பம்பர்' என்று சுட்டாதீர்கள், 'பம்பரின் மூன்றாம் பதிப்பு' என்று சுட்டுங்கள். இப்படிப்பட்ட மாதிரிகளை எழுதும் மொழி சிஸ்எம்எல். தர நிர்ணய அமைப்பான ஓஎம்ஜி 2025-இல் இறுதி செய்த அதன் இரண்டாம் பதிப்பில் இது எளிது. ஒவ்வொரு உறுப்புக்கும் மாறாத அடையாள எண் உண்டு, மாதிரியைப் பிற கருவிகள் கேட்டு வாங்கப் பொதுவான இடைமுகமும் உண்டு. சிஸ்எம்எல்லின் பழைய பதிப்பில் இருப்பவர்கள் பேஸ்லைன் (ஒரு கட்டத்தில் உறைய வைத்த மாதிரி) எண்ணையாவது கையால் எழுதுங்கள்.

மேலே ஒன்று மாறினால், கீழே இருக்கும் இணைப்புகளைக் கருவி 'சஸ்பெக்ட்', அதாவது 'சந்தேகம், மறுபடி சரிபார்' என்று காட்டும். வெளியீட்டுக்கு முந்தைய இரவில் நானூறு சஸ்பெக்டுகளை ஒரே க்ளிக்கில் நீக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வசதியைப் பூட்டிவிடுங்கள். ஒவ்வொன்றையும் ஒருவர் ஒரு வரி காரணம் எழுதித்தான் நீக்க வேண்டும். நானூறும் ஒருசேர வந்தால், உங்கள் தேவைகள் மிகப் பெரிய துண்டுகளாக இருக்கின்றன என்று அர்த்தம்.

இழை சாலையிலிருந்து திரும்பியும் வர வேண்டும். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்மீது மோதியது. அவர் இறந்துவிட்டார். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே அவர் கண்ணில் பட்டிருந்தும், வாகனம், வேறு பொருள், சைக்கிள் என்று கணினி மாற்றி மாற்றி வகைப்படுத்தியதையும், பாதசாரிக் கடவைக்கு வெளியே நடப்பவர்களைக் கருதாமலே அமைப்பு வடிவமைக்கப்பட்டிருந்ததையும் விசாரணை வாரியம் எழுதியிருக்கிறது. பதிவுக் கோப்பிலிருந்து பின்னோக்கி நடந்தால் சேர வேண்டிய இடம் இப்படியொரு எழுதப்படாத தேவைதான். அதனால் கார் அனுப்பும் ஒவ்வொரு பதிவிலும் மென்பொருள் பதிப்பு, அளவுத்திருத்தக் கோப்பின் எண், வன்பொருள் பாக எண் மூன்றும் இருக்கட்டும்.

நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பயிற்சி செய்கிறோம். ஏதோ ஒரு சோதனைப் பதிவைக் கண்ணை மூடி எடுத்து, அதன் மூலத் தேவை வரை நடக்கிறோம், கையில் கடிகாரம். முதல் வாரம் இரண்டு நாள் ஆனது. இப்போது நாற்பது நிமிடம். அதில் இருபத்தைந்து, பெயிண்ட் சப்ளையரின் பிடிஎஃப் யாரிடம் இருக்கிறது என்று கேட்பதில் போகிறது.