புழுக்கமான கோடையில் பெண்ட்கிராஸ் கிரீன்களைக் காக்கும் முறை

அமெரிக்காவின் வர்ஜீனியா, வட கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கோல்ஃப் மைதானங்கள் பலவற்றில், குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' என்னும் மென்தரையில் பெண்ட்கிராஸ் புல்லை வளர்க்கிறார்கள். இது குளிர்ப்பகுதிப் புல். இதன் தழை 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலும், வேர் அதைவிடக் குளிர்ந்த மண்ணிலும் செழிக்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அங்கே பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டுவதும், இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்காமல் புழுங்குவதும் வழக்கம். அந்த வாரங்களில் புல்லைச் செழிக்கச் செய்யும் ஆசையை ஒதுக்கிவிட்டு, இருக்கும் வேரைச் சாகாமல் வைத்திருப்பதையே ஒரே வேலையாகக் கொள்ள வேண்டும்.

வெப்பம் ஏற ஏறப் புல்லின் சுவாசம் வேகமெடுக்கிறது, ஒளிச்சேர்க்கையோ தளர்கிறது. வரவைவிடச் செலவு மிகுவதால், வசந்தத்தில் சேர்த்துவைத்த சர்க்கரை கரைந்து, வேர் நாளுக்கு நாள் குட்டையாகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது இலையிலிருந்து நீர் ஆவியாவதும் குறைகிறது; வியர்த்தும் உடம்பு ஆறாத நாளில் நமக்கு நேர்வதே புல்லுக்கும் நேர்கிறது.

இந்த நிலையில் பெரும்பாலானோர் செய்யும் தவறு, தண்ணீரை அதிகமாக விடுவது. கிரீனுக்கு அடியிலுள்ள மணலின் இடைவெளிகள் முழுவதும் நீரால் நிறைந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. மேலும் நீர் வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், நனைந்த மண் இரவிலும் எளிதில் ஆறாது. மூச்சு முட்டிய வேரால், நீரில் நின்றுகொண்டே நீரை உறிஞ்ச முடியாமல் போகிறது. மேலே வாடிய இலையைக் கண்டு, வறட்சி என்று எண்ணி மீண்டும் நீர் பாய்ச்சினால் அந்தத் திட்டு அன்று மாலைக்குள் அழிந்துவிடலாம். ஆகவே வாட்டத்தைக் கண்டவுடன் ஹோஸை எடுக்காமல், முதலில் மண்ணைக் குத்தியெடுத்துப் பார்க்க வேண்டும்.

மண்ணின் ஈரத்தை அளக்கும் ஈரமானி இருந்தால் தினமும் காலையில் ஒவ்வொரு கிரீனிலும் பல இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்த அளவில் ஈரம் போதும் என்பது மணலுக்கு மணல் மாறும். எனவே பிறர் சொல்லும் எண்ணை நம்பாமல், உங்கள் கிரீனில் புல் நீலச்சாயல் காட்டி, மிதித்த காலடித் தடம் நிமிராமல் நிற்கும் வேளையில் மானி காட்டும் எண்ணைக் கண்டறிந்து, அதற்குச் சற்று மேலே ஈரத்தை நிறுத்துங்கள். தெளிப்பான்களைத் திறந்து கிரீன் முழுவதையும் நனைப்பதைவிட, உலர்ந்த திட்டுகளுக்கு மட்டும் கையால் ஹோஸ் பிடித்து நீர் விடுவதே மேல். ஆள்கூலி கூடும் என்றாலும், பிழைக்கும் புல்லின் மதிப்பு அதைவிடப் பெரிது. நண்பகலில் இலையின்மேல் மெல்லிய தூறலாக நீர் தெளிப்பது, காற்றோட்டம் இருக்கும் இடத்தில் மட்டுமே இலையை ஆற்றும். மரங்கள் சூழ்ந்து காற்று தேங்கிய மூலையில் அது ஈரத்தையே கூட்டும். அங்கே பெரிய மின்விசிறிகளை நிறுத்துவதும், கிழக்குப் பக்கத்து மரங்களைக் கழித்துக் காலை வெயிலை உள்ளே விடுவதும் எந்த மருந்தையும்விடப் பயன் தரும்.

மண்ணுக்குள் காற்று போக, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மெல்லிய ஊசிமுனைகளால் துளையிட்டு, உடனே உருளையால் சமன் செய்யலாம். ஆட்டத்துக்கு இடையூறு மிகக் குறைவு. மண்ணைக் கட்டியாகப் பெயர்த்தெடுக்கும் பெருந்துளையிடலைக் கோடையில் செய்யவே கூடாது. ஜார்ஜியாவின் புகழ்பெற்ற ஆகஸ்டா நேஷனல் மைதானத்தில் கிரீன்களுக்கு அடியிலேயே குழாய்கள் வழியாகக் காற்றை இழுக்கவும் செலுத்தவும் ஏற்பாடு இருக்கிறது. அங்கும் கோடை மாதங்களில் மைதானத்தை மூடிவிடுகிறார்கள்.

வெட்டும் உயரத்தைச் சுமார் 3.2 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டருக்கு உயர்த்துங்கள். இந்தச் சிறு வேறுபாடு இலைப்பரப்பைக் கூட்டி, வேருக்குக் கூடுதல் உணவு தரும். பந்தின் வேகம் குறைகிறதே என்று ஆட்டக்காரர்கள் முறையிட்டால், சில நாட்கள் வெட்டுவதை விட்டுவிட்டு உருளை மட்டும் ஓட்டுங்கள். கத்தி கூர்மையாக இருக்கட்டும். விளிம்பில் இயந்திரம் திரும்பும் வட்டமே முதலில் தேயும் என்பதால், அந்தச் சுற்றைச் சில நாட்கள் வெட்டாமல் விடுவது நல்லது.

தழைச்சத்தைக் கரண்டியால் ஊட்டுவதுபோல, சதுர மீட்டருக்கு அரை கிராம் அளவில் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை இலைவழியாகத் தெளித்தால் போதும்.

நோய்களில் பித்தியம் (Pythium) என்னும் அழுகல் நோய் மிக அஞ்சத்தக்கது. ஈரமான வெப்ப இரவுக்குப் பின் விடியற்காலையில் எண்ணெய் பூசியதுபோன்ற இலைகளும், பஞ்சு போன்ற பூஞ்சை இழைகளும் தெரிந்தால், அந்தக் கிரீனில் பனி காயும்வரை புல்வெட்டியை ஏற்றாதீர்கள். சக்கரமும் வழிந்தோடும் நீருமே நோயைப் பரப்பும். இலைநோய்க்கான மருந்து இலையில் காய வேண்டும். வேர்நோய்க்கானது தெளித்தவுடன் நீரால் மண்ணுக்குள் இறங்க வேண்டும். இவற்றை மாற்றிச் செய்தால் மருந்துச் செலவு வீண். ஒரே வேதிக்குழு மருந்தைத் தொடர்ந்து தெளித்தால் பூஞ்சை அதற்குப் பழகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஆண்டுதோறும் புல் அழிந்தால், புல்லையே மாற்றுவது தோல்வியாகாது. அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக் மைதானம் 2008லும், வட கரோலினாவில் பைன்ஹர்ஸ்டின் இரண்டாம் எண் மைதானம் 2014லும் பெண்ட்கிராஸைக் கைவிட்டுக் குட்டைப் பெர்முடா என்னும் வெப்பப்பகுதிப் புல்லுக்கு மாறின. அந்தப் பெர்முடா நம் ஊர் அருகம்புல்லின் வழிவந்த கலப்பினம். 27 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பத்தில் அது நன்கு செழிக்கிறது.

பெண்ட்கிராஸையே வைத்திருக்க முடிவு செய்தவர்கள், செப்டம்பரில் இரவுகள் குளிரத் தொடங்கியதும் பெருந்துளையிட்டு மணல் நிரப்பி, மெலிந்த இடங்களில் விதை தூவி, அடுத்த கோடைக்கான வேரை அப்போதே வளர்க்கத் தொடங்கலாம்.