குறட்டையை அடக்கிய தலையணை

மல்லாந்து படுத்தால்தான் எனக்குக் குறட்டை வருகிறது என்று கண்டுபிடித்தவர் என் மனைவி. அப்படிப் படுக்கும்போது நாக்கும், வாயின் மேற்கூரையில் பின்பக்கமுள்ள மென்மையான பகுதியான மென்னண்ணமும் பின்னால் சரிந்து மூச்சுவழியைக் குறுக்குகின்றன. காற்று உரசி அங்குள்ள தசைகள் அதிர்வதே குறட்டை. ஆகவே ஒருக்களித்துப் படுப்பதற்கென்றே வடிவமைத்த தலையணையை வாங்கினேன். நடுவில் பள்ளம், இரு ஓரங்களிலும் மேடு. காதுக்கும் தோள் முனைக்கும் உள்ள இடைவெளியை அந்த மேடு நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். உயரம் கூடினால் கழுத்து பிடித்துக்கொள்ளும். எனக்குப் பிடித்துக்கொண்டது. உறையின் ஜிப்பைத் திறந்து, உள்ளிருந்த நுரை அடுக்குகளில் ஒன்றை உருவியதும் கழுத்து நேரானது. இப்போது மனைவி நிம்மதியாகத் தூங்குகிறார். ஆனால் மூச்சு நின்று திணறி விழிப்பவர்களும் பகலில் தூங்கி வழிபவர்களும் தலையணையை நம்பிக் காத்திருக்கவே கூடாது. அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.